ஓர் உயிருக்கு இவ்வளவு

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் பிச்சமுத்து.

ஆசீர் பேனாவை நீட்டியபடியே நின்றார். எதிர் நாற்காலியில் இருந்த அரவிந்தன், காதில் சரியாக விழவில்லையோ என்பதுபோல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஒரு கம்பெனியிலிருந்து வந்திருந்தார்.

ஸ்ரீரங்கம் படித்துறையில் காவிரியில் சிக்குகிறவர்களைக் காப்பாற்றும் குழு அது. பிச்சமுத்து தலைவர். பள்ளிக்கூட வாத்தியாரான ஆசீர் செயலாளர். ஆட்டோ ஓட்டும் சர்ஃபராஸும் இன்னும் சிலரும் தங்கள் பிழைப்பை விட்டுவிட்டு முறைவைத்துக் காவல் நிற்பவர்கள். படகின் மோட்டார் கெட்டுப்போய்க் கோடையிலிருந்து அப்படியே கிடக்கிறது.

அரவிந்தனின் கம்பெனி உதவ முன்வந்தது. ஆனால் மொத்தமாகத் தர மாட்டார்கள். காப்பாற்றும் ஒவ்வோர் உயிருக்கும் இவ்வளவு என்று தருவார்கள்.

"பலனுக்குத்தாங்க பணம். இப்ப இதுதான் முறை" என்று முதல் நாளே விளக்கியிருந்தார் அரவிந்தன்.

"யாரும் விழாத மாசத்துக்கு?" என்று கேட்டார் ஆசீர்.

"அந்த மாசம் உங்களுக்கு வேலை இல்லைதானே சார்?"

"பாடியை எடுத்துக் குடுத்தா?" இது சர்ஃபராஸ்.

"அது திட்டத்துல வராதுங்க."

ஆசீருக்கு அது முழுசாகப் பிடிக்கவில்லை. இன்னொரு வழியும் இருந்தது. படித்துறைக் கடைக்காரர்களிடம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது. அது டீச்செலவுக்குத்தான் காணும். மோட்டார் ஓடாது.

"சரி, ஒரு மாசம் நடத்தித்தான் பார்ப்போமே" என்று அப்போது தலையாட்டியதே பிச்சமுத்துதான்.

அந்த மாதம் முழுக்க ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. குழுவினர் ஆழத்துக்கு முன்னால் கயிறு கட்டிவிட்டு, படியிலேயே நின்று, "உள்ள போவாதீங்க, உள்ள போவாதீங்க" என்று தொண்டை கட்டக் கத்தினார்கள். யாரும் விழவில்லை. கம்பெனியிலிருந்து எதுவும் வரவில்லை.

நேற்று ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பாலக்கரையிலிருந்து வந்திருந்த நவநீதன் என்பவரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. பிச்சமுத்து குதித்தார். முடியைப் பிடித்து இழுத்துவந்து, படியில் கிடத்தி, நெஞ்சை அமுக்கி உயிரைத் திருப்பினார். நவநீதனின் மனைவி அவர் காலில் விழப் போனாள். பிச்சமுத்து யாரையும் பார்க்காமல் ஈர வேட்டியோடு விலகி நடந்துவிட்டார்.

வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. கம்பெனி பெரியவர்களும் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் இன்று அரவிந்தன், மூன்று வருஷத்துக்கான ஒப்பந்தத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நேத்துதான் நம்ம வேலைக்கே ஒரு மரியாதை கிடைச்சிருக்கு" என்றார் ஆசீர்.

பிச்சமுத்து பேனாவை ஒதுக்கிவிட்டார்.

"வண்டி ஓட்டாம இங்க வந்து நிக்கிறேன். வீட்டுல பதில் சொல்ல முடியலைண்ணே" என்றான் சர்ஃபராஸ்.

"நீ நாளையிலேருந்து வராட்டிப் போ. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"காரணத்தையாவது சொல்லுங்க."

"வேணாம்னா வேணாம்."

அரவிந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தொகை குறைச்சல்னு நினைக்கிறீங்களா? மேலிடத்துல பேசிக் கூட்டித் தரச் சொல்றேங்க."

"கூட்டிக் குடுத்தா இன்னும் மோசம்."

அரவிந்தன் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்று மரியாதையாகவே கிளம்பினார்.

"வீம்பு புடிச்ச மனுஷன். சும்மா வர்ற லட்சுமியை எட்டி உதைக்கிறாரு" என்று சொல்லிவிட்டு சர்ஃபராஸ் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனான்.

வேறு வழியில்லாமல் ஆசீரும் பிச்சமுத்துவும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள்.

"வர்ற சனத்தையெல்லாம் தண்ணியில இறங்காத, இறங்காதன்னு வெரட்டுறது நீங்கதானே? உங்களுக்கு நான் மாசாமாசம் வேற குடுக்கணுமா?" என்று கேட்டாள் பூஜைச் சாமான் கடை காளியாயி. கேட்டுவிட்டுக் கொடுத்தாள்.

தேங்காய்க் கடைக்காரர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். வாழைப்பழக் கடையில் பணத்துக்குப் பதிலாக ஒரு சீப்புப் பழம் கிடைத்தது.

தெருக்கோடி டீக்கடையில் வந்து உட்கார்ந்தபோது ஆசீருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏண்ணே இப்படிப் பண்ணினீங்க? சாகக் கிடந்தவனைத் தூக்கிட்டு வந்தீங்க. நம்ம வயித்துக்கா கேட்டோம்? இன்னும் நாலு பேரைக் காப்பாத்தத்தானே அந்தப் பணம்? அதை வாங்குனா என்ன பாவம்?"

பிச்சமுத்து டீயை வாய்வரை கொண்டுபோனவர், குடிக்காமல் கீழே வைத்தார்.

"அந்தத் தம்பி கயித்தைத் தாண்டி உள்ள போறப்பவே நான் பார்த்துட்டேன் சார்."

"எப்ப?"

"விழறதுக்கு முன்னாடி. பக்கத்துலதான் நின்னேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா திரும்பியிருப்பாரு."

ஆசீர் அவரையே பார்த்தார்.

"குடுக்கத்தான் வாயைத் தொறந்தேன் சார். அப்புறம், விழட்டுமேன்னு நின்னுட்டேன்."