சன்னல் திறந்திருந்த நாட்கள்

பாறைமேல் கட்டிய வீட்டின் கீழறையில் ஒரு கருவியை வைத்தார்கள். தரைக்கடியிலிருந்து கசிந்து நுரையீரலைக் கெடுக்கும் ரேடான் வாயுவை அளப்பது அதன் வேலை. வைத்த கையோடு வீட்டுக்காரர் சன்னலை விரியத் திறந்துவிட்டார்.

"தினமும் இப்படித்தான் திறந்திருப்பியா?" என்று கருவி கேட்டது.

"நீ வந்ததாலதான் திறந்தாங்க. நீ போனதும் சாத்திடுவாங்க. ஏசி போடணும்ல" என்றது சன்னல்.

"அப்போ நான் எதை அளக்கிறேன்?"



சில நாள் கழித்து, கருவி காட்டிய சின்ன எண்ணைப் பார்த்து, "நம்ம வீட்ல ஒண்ணுமே இல்ல" என்று வீட்டுக்காரர் சிரித்தார். கருவியைப் பெட்டியில் போட்டார், சன்னலைச் சாத்தினார். தரையிலிருந்த விரிசலின் மேல் பாயை விரித்து மகளைத் தூங்க வைத்தார்.

"என்னை யாராவது அடைச்சிடுங்களேன்" என்றது விரிசல், பாய்க்கு அடியிலிருந்து.