இரண்டு நொடி தாமதம்

சவரிமுத்துவின் பட்டறையில் இரண்டு கப்பல் கடிகாரங்கள் இருந்தன. ஒன்றுதான் மறுநாள் கப்பல் ஏறும்.

“தினமும் இரண்டு நொடி பிந்துகிறாயே தம்பி, உனக்கு எதற்குக் கடல்?” என்றது பெரியது.

“நீங்கள் எப்படி அண்ணே?” என்றது சின்னது.

“ஒருநாள் ஐந்து நொடி முந்துவேன், இன்னொரு நாள் ஐந்து பிந்துவேன். மாதக் கடைசியில் சரியாகிவிடும்.”

காலையில் கேப்டன் வந்தார். இரண்டும் தினமும் எவ்வளவு முந்தின, பிந்தின என்று சவரிமுத்து குறித்துவைத்திருந்த நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“சின்னதைக் கொடுங்கள். நாளுக்கு இரண்டு நொடி கூட்டிக்கொண்டால் சரியான நேரம் கிடைக்கும்; அதையும் சூரியனையும் வைத்து நடுக்கடலிலும் இருக்குமிடம் தெரிந்துவிடும்.”

சவரிமுத்து அதன் மூடியில் ‘தினமும் இரண்டு நொடி தாமதம்’ என்று எழுதினார்.

“குறையை ஊரறிய எழுதிவிட்டாரே, வெட்கமாயில்லையா?” என்றது பெரியது.

“இல்லையே அண்ணே. அதைப் படித்துத்தான் கப்பலே போகப்போகிறது.”

“பெரியதை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார் கேப்டன்.

“டீ நேரம் பார்க்க அது போதும்,” என்றார் சவரிமுத்து.