கோட்டில் உட்காராத தாளம்

"இவனையெல்லாம் கட்டி வெச்சு உதைக்கணும்!" என்று ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டான் அயன்லெரே. "ஒரு அடி முந்துது, ஒரு அடி பிந்துது. இந்த லட்சணத்துல வாசிக்கிறவனை வெச்சுக்கிட்டு நான் எங்கே பாட்டுப் போடறது?"

கட்டிலில் சாய்ந்தபடி, செம்பனை எண்ணெய் மிதக்கும் காராமணியில் இரண்டாவது தட்டைக் காலி செய்துகொண்டிருந்த அபெகே சிரித்தாள். "உதைக்கிறதெல்லாம் அவன்தாங்க. வாங்கிக் கட்டிக்கிறது நானு." எண்ணெய்க் கை படாமல் புறங்கையால் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

வாசிப்புக்காரன் இருந்தது அந்த வயிற்றுக்குள்தான். ஏழாம் மாதம். முதல் ஸ்கேனுக்கே அடுத்த வாரம்தான் முறை. போன வாரம் மருத்துவச்சி ஃபலிலத் ஒரு கைக்கருவியை வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்கவைத்தபோது, அயன்லெரே அதை அப்படியே போனில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். "அம்மா துடிப்பு நடந்து போகும், புள்ள துடிப்பு ஓடும். கேட்டீங்களா, என்ன ஓட்டம் ஓடுதுன்னு!" என்று அவள் சொன்னதுகூட அதில் பதிவாகியிருந்தது.

பிறந்த எட்டாம் நாள் பெயர் வைப்பார்கள். அன்றைக்குத் தெருவே ஆட ஒரு பாட்டு, அதற்குப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பே அடித்தாளம். இதுதான் அவன் போட்ட திட்டம். அவர்களோ தலைமுறை தலைமுறையாக மேளம் அடிக்கும் அயன் வம்சம், பெயரிலேயே மேளத்தைச் சுமப்பவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தாளம் தப்பினால் இபாதான் நகரம் முழுக்கச் சிரிக்காதா?

கணினித் திரையில் தாளக் கோடுகள் சம இடைவெளியில் ஓட, ஒவ்வொரு துடிப்பும் ஒரு சின்னக் கட்டமாக வரிசையில் நின்றது. குவாண்டைஸ் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் போதும். முந்தியதும் பிந்தியதும் பக்கத்துக் கோட்டில் போய் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். மூக்குமுட்டக் குடித்துவிட்டு வாசித்த ஆசாமிகளைக்கூட அவன் இப்படிக் கரையேற்றியிருக்கிறான்.

இங்கே அது பலிக்கவில்லை. ஒரு கோட்டில் இரண்டு கட்டங்கள் ஏறி உட்கார்ந்தன, அடுத்த கோடு காலியாகக் கிடந்தது. வேகத்தைக் கூட்டினான், குறைத்தான். ம்ஹும்.

உற்றுப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. நெட்டைக் கட்டங்களுக்கு நடுவே குட்டைக் கட்டங்களும் இருந்தன. ஏதோ எதிரொலி என்று குட்டைகளை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி தட்டினான். நெட்டைகள் அத்தனையும் கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்தன.

"அட, இப்ப நல்லாருக்கே!" படுத்தபடியே தோளை ஆட்டினாள் அபெகே.

அயன்லெரே ஆடவில்லை. எதிரொலி என்றால் ஒரே இடைவெளியில் பின்னாலேயே வரவேண்டும். இதுவோ முன்னாலும் வந்தது, பின்னாலும் வந்தது, சில இடத்தில் நெட்டையோடு ஒட்டிக்கொண்டும் நின்றது. அப்படியானால் பிள்ளையின் இதயமே தாறுமாறாகத் துடிக்கிறதா? ஒன்றும் அறியாத பிள்ளையைக் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

"ஜெனரேட்டரைப் பாத்துட்டு வரேன்" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"ஜெனரேட்டரைப் பாக்க அது எதுக்கு?" என்றாள். காதில் விழாதவன்போல் முற்றத்துக்குப் போய் ஃபலிலத்தை அழைத்தான்.

"சிஸ்டர், எம்புள்ள நெஞ்சு கோணல்மாணலா அடிக்குது. என் கண்ணால பாத்தேன்."

"நெஞ்சடிக்கிறதைக் கண்ணால பாத்தீங்களா? காலையிலேயே பனங்கள்ளா தம்பி?"

"வெளையாடாதீங்க. அபெகேகிட்ட சொல்லக்கூடப் பயமாயிருக்கு. நெட்டையா ஒரு துடிப்பு, குட்டையா ஒரு துடிப்பு. நெட்டைய மட்டும் விட்டா நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது, சுத்தமா நிக்குது. குட்டை வந்து சேந்தாத்தான் குழப்பம்."

அவள் குரலில் இருந்த கேலி போய்விட்டது. "குட்டைய என்ன பண்ணீங்க?"

"அழிச்சிட்டேன்."

"அதை மட்டும் தனியா ஓட்டிப் பாருங்க. நான் போனை வைக்கல."

அழித்ததை மீட்டான். நெட்டைகளை ஒதுக்கிவிட்டு வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றினான். நூற்று ஐம்பத்திரண்டில் நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினான். ஒரு குட்டைகூட அடம்பிடிக்கவில்லை, அத்தனையும் கோட்டில் போய் உட்கார்ந்தன.

"நூத்தி அம்பத்திரண்டு சிஸ்டர். தனியா விட்டா இதுவும் கச்சிதமாத்தான் இருக்கு. ஒருவேளை அபெகே துடிப்பா இருக்குமோ?"

"அம்மா துடிப்பு இந்த ஓட்டம் ஓடாதே..." என்று இழுத்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதையும் மீறிக்கொண்டு ஒரு பெரிய சிரிப்பு வந்தது.

"அழிச்சதை மொதல்ல திரும்பப் போடுங்க தம்பி, அதுவும் உங்க புள்ளதான்!"