நான்காம் பந்தி

"அன்ரி, உது உங்கடை கடதாசி இல்லை. உங்கடையது கடைசி ஒற்றைத் தாள் மட்டும்தான்," என்றார் சட்டத்தரணி ஜூலியஸ்.

வேரோனிக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார்.

"முழுக்க வாசியாமல் நான் ஒண்டுக்கும் கையெழுத்து வைக்கிறேல்லை, தம்பி."

"அம்மா கச்சேரியைத் திறந்திட்டா. இனிப் பொழுதுபட்டுத்தான் வீடு," என்றான் மகன் கிளிபோட்.

யாழ்ப்பாணத்து அரச அலுவலகமான கச்சேரியில் பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர் வேரோனிக்கா. மகனின் கேலிக்கு அவர் தலை நிமிரவில்லை.

கிளிபோட் சுவரோடு முதுகைச் சேர்த்து, கதவைப் பார்த்தபடி அமர்ந்திருந்தான். எந்த அறையிலும் அவன் அப்படித்தான் அமர்வான். அவனுடைய மனைவி ஸ்டெபனி யன்னலருகில் நின்று, மோர்னிங்சைட் வீதியில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையிலிருந்த காகிதங்கள் அத்தனையும் கிளிபோட்டின் விலக்கல் தாளில் ஒரே ஒரு வரியை மாற்றுவதற்கானவை.

ஆமி என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பழகிய குடும்பத்திலிருந்து போய், கனடியப் படையில் சேர்ந்தவன் கிளிபோட். கந்தகார்ப் போர்முனையிலிருந்து திரும்பிய பின்னர் அவன் அணிவகுப்புகளுக்குப் போகாமல் விட்டான். ஒரு நாள் மேலதிகாரியைத் தள்ளி விழுத்தினான். 'சேவைக்குப் பொருத்தமற்றவர்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவனாகவே விலகினான் என்று கோயில் சனத்துக்கு வேரோனிக்கா சொல்லி வைத்தார்.

நோயின் காரணமாக விலக்கப்பட்டவன் என்று அது மாறினால், வைத்தியமும் ஓய்வூதியமும் கிடைக்கும். வேலை கேட்டுப் போகும் இடங்களில் அந்தத் தாளை அவன் ஒளிக்க வேண்டியதில்லை. தான் கெட்டவனல்லன், நோயாளிதான் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவும் முடியும்.

முதல் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. பழைய கோப்பிலிருந்த இரண்டு வரிகளே அதற்குக் காரணம். 2012 ஏப்ரலில், அவன் விடுமுறையில் இருந்தபோது, படையின் தாதி ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அவனுடைய உறக்கத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார்.

'வீட்டிலிருந்த பெண் ஒருவர் பேசினார். நன்றாக உறங்குகிறார், குறை எதுவும் இல்லை என்றார்.'

பெயர் குறிக்கப்படவில்லை.

அந்த நாட்களில் கிளிபோட், குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு, சப்பாத்தைக் கழற்றாமல் உறங்கினான்.

கோப்பின் பிரதி வந்த அன்று, "ஆர் கதைச்சது?" என்று இரண்டு பெண்களையும் பார்த்து அவன் ஒரே ஒரு தடவை கேட்டான்.

"நான்தான்," என்றாள் ஸ்டெபனி.

கலியாணம் பேசி அவள் வந்துபோன காலம்தான் அது. அவன் நம்பினான். கிடைத்த பதிலை வேரோனிக்காவும் ஏற்றுக்கொண்டார். அன்று முதல் கிளிபோட் மனைவியோடு தேவைக்கு மட்டுமே பேசினான்.

இப்போது ஸ்டெபனியின் சத்தியக்கடதாசி வேரோனிக்காவின் கையில் இருந்தது. அதில் இன்னும் ஒப்பமிடப்படவில்லை. இருவரும் தத்தம் கடதாசியில் இன்றைக்கே ஒப்பமிட வேண்டும், மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்று ஜூலியஸ் சொல்லியிருந்தார். மூன்றாவது தடவை கேட்பதற்கு இடமில்லை.

முதல் மூன்று பந்திகளில் எழுதியிருந்தவற்றில் பிழை எதுவும் இல்லை.

நான்காம் பந்தி இப்படி இருந்தது: 'தொலைபேசி வந்தபோது நான் குசினியில் இருந்தேன். முன்னறையில் விருந்தினர் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காதிருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். அவர் நன்றாக உறங்குகிறார் என்று பொய் சொன்னேன். பேசி முடித்த பின்னரும் சிறிது நேரம் குழாயை மூடாமல் நின்றேன்.'

வேரோனிக்கா அதை இரண்டு தடவை வாசித்தார்.

அந்த விருந்தினர் ஸ்டெபனியும் அவளுடைய தாய் தகப்பனும். சம்பந்தம் பேச அன்றுதான் முதன்முதலாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்காகத் தட்டில் கேக் அடுக்கிக்கொண்டிருந்த கையால்தான் வேரோனிக்கா குழாயைத் திறந்தார்.

குழாயைப் பற்றி அவர் எவருக்கும் சொன்னதில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை.

கை கழுவ மேல்மாடிக் குளியலறைக்குப் போன ஸ்டெபனி, தொட்டிக்குள் கிடந்த தலையணையைக் கண்டிருக்க வேண்டும். இறங்கி வந்து குசினி வாசலில் நின்றிருக்க வேண்டும். பிறகு முன்னறைக்குப் போய், அந்தக் கேக்கில் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டாள்.

அதன் பின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலில் திருமண அறிவித்தல் வாசிக்கப்பட்டது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சுவாமியார் சொன்ன ஒவ்வொரு தடவையும், எவராவது எழுந்துவிடுவார்களோ என்று வேரோனிக்கா பின்வரிசை வாங்குகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டெபனி அவருக்கு நேர் முன்னால் இருந்தாள்.

ஜூலியஸ் பேனையை நீட்டினார். கடைசி ஒற்றையில், ஒப்பமிட வேண்டிய இடத்தில், சிறிய புள்ளடி அடையாளம் ஒன்று இட்டிருந்தார்.

"வாசிச்சது காணும், மாமி. கையெழுத்தை வையுங்கோ," என்றாள் ஸ்டெபனி, யன்னலிலிருந்து திரும்பாமலே.

வேரோனிக்கா பேனையை வாங்கி, மூடியைத் திறக்காமல் மேசையில் வைத்தார்.

"தம்பி ஜூலியஸ், உந்த நாலாம் பந்தியை அவவின்ரையிலை இருந்து எடுத்து என்ரையிலை போடும். ஒரு சொல்லும் மாத்த வேண்டாம்."

கிளிபோட் கதவிலிருந்து கண்ணை எடுத்தான்.