தொட்டிலுக்கு முன்னால் முழங்கால்

கடை போர்டில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தாள் பியூலா. முதல் மரத்தொட்டிலுக்கு முன்னால் சட்டென்று முட்டி போட்டு, இரண்டு கையையும் உள்ளே நீட்டி ஏதோ முணுமுணுத்தாள்.

கழுத்தில் சிலுவை டாலர். ஜெபம்தான்! தாம்பரத்தில் இத்தனை வருஷமாகக் கடை நடத்தும் ஜெயவேலுவுக்கு இதுகூடத் தெரியாதா? பாவம், பிள்ளை இல்லாத குறை போலிருக்கிறது. கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அவள் அடுத்த தொட்டிலுக்கும் முட்டி போட்டாள். அதற்கடுத்ததற்கும். ஜெயவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆமென்! அடுத்த வருஷமே உங்க ஆண்டவர் ஒரு குழந்தை குடுப்பார்மா."

"ஐயோ, வேணாம்ணா! வீட்ல இருக்கறதுக்கே மூணு மாசம்தான் ஆகுது."

"அப்ப இந்த ஜெபம்?"

"ஜெபமா? முட்டி போட்டாதான் நான் எங்க வீட்டுக்காரர் உயரத்துக்கு வருவேன். அவருக்குக் கை அடி வரைக்கும் எட்டுமான்னு சாண் எண்ணிப் பாக்கறேன். எங்கம்மா என் உயரத்துக்குப் பாத்து ஒரு தொட்டில் வாங்கிட்டாங்க."

"சார் வரலையா?"

"எப்படி வருவார்? பாயில போட்டா பிள்ளை அலறுது, தொட்டில்ல இறக்க இவருக்கு எட்டல. காலையிலேர்ந்து தோள்ல போட்டுக்கிட்டு நிக்கறார். இந்தத் தொட்டில் அவருக்கு எட்டும், சீக்கிரம் பில்லைப் போடுங்கண்ணா, மனுஷனுக்குக் கை மரத்துப் போச்சு!"