மாப்பிள்ளை தும்மக் கூடாது

ஒன்பது பேரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கட்டுப்பாட்டு அறைக்குள் பூனை நடை நடந்துகொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் படிகம் வளர்வது அந்த அறையில் இல்லை. நானூறு கிலோமீட்டர் உயரத்தில், பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில், ஒரு சின்ன உலைக்குள்.

ஆயிரத்து இருநூறு டிகிரியில் உருகிய குழம்பு மணிக்கு ஒன்பது டிகிரியாக ஆற வேண்டும். கீழே புவியீர்ப்பு என்ற சனியன் உண்டு. சூடானது ஏறும், ஆறினது இறங்கும், குழம்பு தானே கலங்கிப் படிகம் பாழாகிவிடும். மேலே அந்தத் தொல்லை இல்லை. யாரும் ஆட்டாமல் இருந்தால் போதும்.

இதற்காகத் தலைமை விஞ்ஞானி உலையம்மா பதினோரு வருஷம் நாயாய் அலைந்திருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அறையில் அவள் உலையம்மாதான். கிடைத்தது ஒரே வாய்ப்பு. நாளைக் காலை விண்கலம் படிகத்தோடு கீழே கிளம்பிவிடும். அடுத்த வாரம் அவளுக்குப் பணி ஓய்வு.

ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்து அறையிலும் அதே மாதிரி ஓர் உலையை ஓடவிட்டிருந்தார்கள். அதில் வருவது எப்படியும் குப்பைதான் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மேலே உலைக்குக் காவலாக இருந்த விண்வெளி வீரர் அவளுடைய மகளின் கணவர். அங்கேதான் வந்தது வினை. மாப்பிள்ளையை மாமியார் அதட்ட முடியாது. மாமியாரிடம் மாப்பிள்ளை குறுக்குக் கேள்வி கேட்க முடியாது.

முதல் நாள் அவள் தேனொழுகச் சொன்னாள்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. தும்மக்கூடத் தும்மாதீங்க."

"சரிங்க அத்தை."

சொன்ன சொல் தட்டாத பிள்ளை. உலைக்குப் பக்கத்துச் சுவரில் தன்னைத் தூங்கும் பையோடு கட்டிக்கொண்டு, கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு கிடந்தார்.

இரண்டாம் நாள் இங்கே யாரோ எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டார்கள். அதே நொடியில் திரையில் அதிர்வைக் காட்டும் பச்சைக்கோடு துள்ளியது. தும்மினீர்களா என்று மாப்பிள்ளையைக் கேட்டார்கள். இல்லை என்றார், ஆனாலும் மன்னிப்புக் கேட்டார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று உதவிப் பொறியாளர் சிரித்தார். சாயங்காலம் அவரே கதவை அறைந்து சாத்தினார். கோடு மறுபடி துள்ளியது. அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

செருப்புகள் வெளியே போயின. மின்விசிறி நின்றது. டீ பேப்பர் கப்புக்கு மாறியது. ஜலதோஷம் பிடித்த கணக்காளருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. படித்தவர்கள் செய்கிற காரியமா என்று யாருக்கும் வெட்கம் வராமலில்லை. ஆனாலும் கோடு நேராக ஓடியதே!

இதோ ஆறாம் நாள். திரையில் வெப்பம் இருபத்தைந்து டிகிரிக்கு இறங்கியது. பச்சைக்கோடு நூல் பிடித்த மாதிரி நின்றது.

உலையம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினோரு வருஷம் வீண்போகவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"போதும் மாப்பிள்ளை. இனிமே நீங்க அசையலாம்."

மேலேயிருந்து ஒரு தும்மல் வந்தது. பிறகு இன்னொன்று. ஆறு நாளாக அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து மாப்பிள்ளை ஒலிபெருக்கி கிழியத் தும்மினார்.

பச்சைக்கோடு அசையவே இல்லை.

"அப்பாடா! ஆறு நாளா ஒரு சுவிட்சையும் தொடல அத்தை. இப்ப உலையப் போடட்டுமா?"

உலையம்மா விருட்டென்று எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து தடாலென்று விழுந்தது.

திரையில் கோடு துள்ளியது.

ஒன்பது பேரும் பக்கத்து அறையின் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.