ஜேடு கல்லுக்குள் ஒரு கிளி

“என்னடி இது, கொஞ்சம்கூட ஜொலிக்கலையே? ஆசையா வாங்கிட்டு வந்தே, உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு.”

“ஜேடு ஜொலிக்காதுங்க. டார்ச்ச ஒட்டி வச்சு அடிச்சுப் பாருங்க.”

உறையூர் வீட்டின் மாடி அறையில் விஜயராணி ஜன்னலைச் சாத்துகிறாள். மத்தியான வெயில் ஒரு நூலாகக் கதவிடுக்கில் நிற்கிறது. அவள் கணவன் நவநீதன் இருபது வருடமாகத் தோட்டுக்கற்களுக்குப் பட்டை தீட்டுகிறவன். அவன் உள்ளங்கையில், தவிட்டு நிறத் தோலோடு, அவள் செதுக்கப்போகும் முதல் கல். டார்ச் பட்டதும் அது மெல்ல விழித்துக்கொள்கிறது. காவிரியில் முங்கிக் கண்ணைத் திறந்தால் தெரிகிற பச்சை. அந்தப் பச்சையின் நடுவே, அலகை இறகுக்குள் புதைத்துக்கொண்டு ஒரு கிளி தூங்குவது அவளுக்குத் தெரிகிறது. கழுத்து வளைவுகூடத் தெரிகிறது. கல்லுக்குள் இருக்கும் பச்சையே அவ்வளவுதான். அதில் ஒரு கிளிக்குத்தான் இடம். நவநீதன் டார்ச்சை அணைக்கிறான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கைப்பழக்கத்தில், கல்லின் நட்டநடுவே ஒரு கோடு இழுக்கிறான். எந்தக் கல்லும் அவனுக்கு இரண்டு காதுகளுக்கானது.

“ரெண்டாப் போட்டா ஜோடியா வரும்ல?”

கோடு கிளியின் கழுத்தில் விழுந்திருக்கிறது. மேலே கட்டிய பாட்டிலை அவன் திறந்துவிட, கல்லறுக்கும் சக்கரத்தின்மீது தண்ணீர் சொட்டத் தொடங்குகிறது. அவன் கட்டைவிரல் சுவிட்சைத் தேடிப் போகிறது. விஜயராணி அந்தக் கையைத் தொடுகிறாள்.

“என்னங்க, அந்தக் கோட்ட அழிச்சிட்டு, மேல் தோல மட்டும் சீவித் தரீங்களா?”